நகர்த்துபட்டி காட்டிய 2004

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைத் தெரிவுசெய்த பிறகு, வரைபுகளை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. தாளில் அச்சான வரைபு ஒரே பதிலைத்தான் சொல்லும். கணினித் திரையிலுள்ள வரைபிடம் நாம் கேள்வி கேட்கலாம். எந்தக் கேள்வியைக் கேட்க முடியும் என்பதோ அதிலுள்ள பொத்தான்களைப் பொறுத்தது.

சுவீடன் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் ரொஸ்லிங், தன் மகனுடனும் மருமகளுடனும் சேர்ந்து உருவாக்கிய ‘கப்மைண்டர்’ இதற்கு நல்ல உதாரணம். அதில் ஒவ்வொரு நாடும் ஒரு குமிழ். வலப்பக்கம் போனால் வருமானம் கூடும், மேலே போனால் ஆயுட்காலம் கூடும். குமிழின் பருமன் சனத்தொகையைக் காட்டும்.

இயக்கும் பொத்தானை அழுத்தினால் 1800 இலிருந்து உலகமே நகர்கிறது. பார்க்க அழகுதான். ஆனால் ஒரு நாட்டைத் தொடர்வதற்குள் கண் களைத்துவிடும். ஆண்டுகளைப் பட்டியலாகத் தந்து தெரிவுசெய்யச் சொல்லும் மென்பொருட்களும் உண்டு. அவற்றில் 2000, 2010 என்று இரண்டு ஆண்டுகளை மட்டும் எடுத்தால் இலங்கையின் ஆயுட்காலம் உயர்ந்ததாகவே தெரியும். நடுவில் நடந்தது தெரியாது.

இலங்கையை மட்டும் தெரிவுசெய்து, ஸ்லைடர் எனும் நகர்த்துபட்டியை ஒவ்வோர் ஆண்டாக இழுத்தேன். 2004 இல் குமிழ் திடீரென விழுந்தது. அடுத்த ஆண்டு மீண்டும் எழுந்தது.

நான் பிறப்பதற்கு முன்னர் வந்த சுனாமி அது. மூத்தம்மா சொல்லிச் சொல்லிக் கேட்ட அந்த டிசம்பர் 26, திரையில் ஒரே ஓர் அசைவாக இருந்தது. நாடெங்கும் 30,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவர்களில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினர் நமது அம்பாறை மாவட்டத்தவர்.

அம்பாறையைத் தனியே பார்க்க விரும்பினேன். தெரிவுப் பட்டியலில் நாடுகளின் பெயர்கள் மட்டுமே இருந்தன. கல்முனையும் சாய்ந்தமருதும் மருதமுனையும் ‘இலங்கை’ என்ற ஒரு குமிழுக்குள் அடங்கிப்போயின. நகர்த்துபட்டி ‘எப்போது’ என்ற கேள்விக்கு விடை தந்தது. ‘எங்கே’ என்று கேட்க அங்கே வழியில்லை.

தோழியரே, நாளை நாமும் எக்செல்லில் வரைபு செய்வோம். காலமாற்றத்தைக் காட்ட நகர்த்துபட்டி வைப்போம். ஊர்களை ஒப்பிட, பெயர்கள் எல்லாம் ஒரே பார்வையில் தெரியும் ‘ஸ்லைசர்’ பொத்தான்களை வைப்போம். கணினி பழகாத நம் உம்மாமாருக்கும் அது இலகு. ஆனால் அதற்கு முன், அந்தப் பெயர்களில் யாருடைய ஊர் விடுபட்டிருக்கிறது என்று ஒரு முறை பார்த்துக்கொள்வோம்.