ஆட்டுப்பட்டியிலிருந்து வால்வுக்கு

எங்க பெரியப்பாவுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல். இதய வால்வில் கிருமி தங்கியிருப்பது ஸ்கேனில் தெரிந்தது. என்ன கிருமி என்பதுதான் பிடிபடவில்லை. மூன்று தடவை ரத்தம் எடுத்து கல்ச்சர் வைத்தும் ஒன்றும் வளரலை.

வால்வை மாற்றியபோது, வெட்டியெடுத்த பழைய வால்விலிருந்து ஒரு துணுக்கை ஜீன் சீக்வென்சிங்குக்கு அனுப்பினார்கள். 16எஸ் என்கிற மரபணு எல்லா பாக்டீரியாவிலும் உண்டு, ஆனால் அதன் எழுத்து வரிசை இனத்துக்கு இனம் மாறும். முளைக்காத விதையைக்கூட இன்ன ரகம்னு சொல்லிடுற மாதிரி.

வந்த பெயர் காக்ஸியெல்லா. க்யூ காய்ச்சல் கிருமி. உயிருள்ள செல்லுக்குள் வளர்வதால் சாதாரண கல்ச்சரில் சிக்காது. டாக்டர் உடனே கேட்டார்: "வீட்ல ஆடு இருக்கா?"

ஈனும்போது நஞ்சுக்கொடியிலும் பனிக்குட நீரிலும் வருமாம். காய்ந்து தூசியோடு மூச்சில் ஏறுமாம். போன தையில் நாலு ஆடு குட்டி வீசுச்சு. வெறுங்கையால் அள்ளிப் புதைச்சது பெரியப்பாதான்.

அவருக்கு இன்னும் இரண்டு வருஷம் மாத்திரை. நான் கையுறையும் மாஸ்க்கும் போட்டுப் பட்டிக்குள் போனால், "ஆட்டுக்கு ஆபரேஷனாடா?"ன்னு திண்ணையிலிருந்து கிண்டல். மூணு ஆடு சினையா நிக்குது. முழுகாம இருக்கிற தங்கச்சியை மட்டும் அந்தப் பக்கமே விடுறதில்லை.