சாப்பாடும் சங்கராபரணமும்

முகம் பாராமலே நட்புக் கொள்ள முடியுமா என்று கேட்டால், தமிழ் படித்தவர்கள் உடனே பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும் சாட்சிக்கு அழைத்து விடுவார்கள். பாண்டி நாட்டில் ஒரு புலவர். உறையூரில் ஓர் அரசன். ஒருவரையொருவர் பார்த்ததில்லை. ஆனாலும் அரசன் வடக்கிருந்தபோது புலவர் தேடிக்கொண்டு வந்து சேர்ந்தார். பெரிய விஷயந்தான். ஆனால் அந்த இருவரும், "இன்றைக்கு உங்கள் வீட்டில் என்ன குழம்பு?" என்று ஒரு நாளாவது விசாரித்துக் கொண்டார்களா என்பது பற்றிப் புறநானூறு மூச்சு விடவில்லை.

அந்தக் குறையை எங்கள் கோஷ்டி தீர்த்து வைத்திருக்கிறது. கைப்பேசியில் தினமும் அளவளாவுகிற நால்வர் நாங்கள். என் வாசம் பர்கூரில். மாட்டுக்குப் பேர் போன பர்கூர் என்று நினைத்து விடாதீர்கள். அது ஈரோடு மாவட்டத்து மலை. எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர் ஜவுளிக்குப் பேர் போனது. இரண்டாமவர் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிற இளைஞர். மூன்றாமவர் ஆந்திர எல்லைக்குள் குப்பத்தில் பள்ளி ஆசிரியர். நான்காமவர் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்த தமிழர். விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவர். பழைய சினிமாப் பாட்டின் மேலுள்ள பித்துத்தான் எங்களைச் சேர்த்து வைத்தது. இன்னும் நேரில் சந்தித்ததில்லை.

எங்கள் பேச்சில் உலகம் திருந்தப் போவதில்லை. குப்பத்தில் ராகிக் களி. பர்கூரில் மின்சாரம் இல்லை. தங்கவயல் ரயிலில் உட்கார இடமில்லை. ஓசூர் கான்டீன் சாம்பாரில் பருப்பு இல்லை. இப்படி இல்லாதவற்றைப் பற்றியே நாள் நகரும்.

சென்ற மாதம் பேச்சு 'சங்கராபரணம்' பக்கம் திரும்பியது. கே. விசுவநாத் இயக்கி 1980-இல் வெளிவந்த தெலுங்குப் படம். இசைக்கும், ஆண் குரலுக்கும், பெண் குரலுக்கும், ஜனரஞ்சகமான நல்ல படம் என்பதற்குமாக நான்கு தேசிய விருதுகள் பெற்றது.

"எங்கள் படம்!" என்று குப்பத்து ஆசிரியர் மார்தட்டினார். நான் விடுவேனா? இசையமைத்த கே. வி. மகாதேவன் நாகர்கோவில் பக்கத்துக்காரர். பாடிய வாணி ஜெயராம் வேலூரில் பிறந்தவர். படத்தில் கீர்த்தனை ஒலிக்கும் சதாசிவ பிரம்மேந்திரர் சமாதி கொண்டது எங்கள் கரூர் நெரூரில் என்று அடுக்கினேன். தங்கவயல்காரர் மைசூர் வாசுதேவாசாரியார் கீர்த்தனையைக் கர்நாடகத்தின் பங்காகக் கேட்டு வாங்கிக் கொண்டார். மூன்று மாநிலமும் முட்டிக்கொள்ளும் மூலையில் வாழ்கிறவர்களுக்கு இது ஒரு சுகமான சண்டை.

சண்டை ஓய்ந்த பிறகு தங்கவயல்காரர் எழுதினார்: "பாட்டெல்லாம் சரி, சார். கச்சேரிக்குக் கூப்பிடுவாரில்லாமல் சங்கர சாஸ்திரி வீட்டில் உட்கார்ந்திருக்கிறாரே, அங்கே எனக்கு எங்கள் அப்பா முகந்தான் தெரியும். 2001-இல் சுரங்கத்தை மூடினார்கள். அப்பா கையில் தொழில் அப்படியே இருந்தது. அது வேண்டும் என்று சொல்லத்தான் ஆள் இல்லை."

யாரும் பதில் எழுதவில்லை. இரவு பதினொரு மணிக்கு ஓசூர் இளைஞரிடமிருந்து நாலு வரி வந்தது. "எனக்கும் அதே கதைதான், அண்ணா. ஒப்பந்தம் முடிந்தது என்று நிறுத்திவிட்டார்கள். இன்றோடு இருபது நாள். வீட்டில் இன்னும் சொல்லவில்லை."

இருபது நாள்! அந்த இருபது நாளும் கான்டீன் சாம்பாரைப் பற்றி ஒரு வேளை தவறாமல் எழுதியவர் அவர். இல்லாத வேலைக்குப் போய், இல்லாத சாம்பாரில் இல்லாத பருப்பைத் தேடியிருக்கிறார். "சாப்பிட்டாயிற்றா?" என்ற கேள்விக்குப் பொய் சொல்வது எளிது, நம்மில் பாதிப்பேர் தினமும் சொல்கிறோம். "உனக்கு என்ன கஷ்டம்?" என்று நேரே கேட்டாலோ, மானமுள்ளவன் வாயை இன்னும் இறுக்கிக் கொள்வான். ஆனால் எங்கோ ஒரு கதையில் ஒரு சாஸ்திரிக்குப் பிழைப்புப் போயிற்று என்று பேசிக் கொண்டிருக்கையில், "எனக்கும்" என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் போதும். சொல்ல வேண்டியதைச் சொன்னதாகவும் ஆயிற்று; கை நீட்டியதாகவும் ஆகவில்லை.

சினிமாப் பேச்சு வெட்டிப் பேச்சு என்று கண்டிக்கும் பெரியவர்களுக்கு நான் இதைச் சொல்லிக்கொள்ள விரும்புகிறேன். அதே சமயம், அந்த சாம்பார்ப் பேச்சு முன்னால் நடந்திராவிட்டால், இந்த நாலு வரியை எழுதுவதற்கு அவருக்கு ஓர் இடம் இருந்திராது.

அன்றிரவு தங்கவயல்காரர், "தம்பி, முதலில் வீட்டில் சொல்லுங்கள். எங்கள் அப்பா ஆறு மாதம் சொல்லாமல் இருந்தார். அம்மாவுக்கு முதல் வாரமே தெரியும்" என்று எழுதினார். மறுநாள் இளைஞர் மனைவியிடம் சொன்னார். இப்போது ஒரு சிறு பட்டறையில் தினக்கூலிக்கு லேத் ஓட்டுகிறார். கூலி பழைய சம்பளத்தை எட்டவில்லை. நல்ல இடம் கிடைக்குமா என்று நாங்கள் மூவரும் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுக் கொண்டிருக்கிறோம்.

பட்டறையில் கான்டீன் கிடையாது. மத்தியானம் வீட்டுச் சோற்றுத் தூக்கைத் திறந்ததும் எங்களுக்கு ஒரு படம் பிடித்து அனுப்பி விடுகிறார். கேட்காமலே.