லஸ் என்றால் என்ன?

மயிலாப்பூர்வாசிகளுக்கு லஸ் முனை என்றால் பஸ் ஏறும் இடம். சாமான் வாங்கும் இடம். "லஸ் என்றால் என்ன அர்த்தம்?" என்று கேட்டால் பலர் விழிப்பார்கள். நண்பர் ஒருவரோ, "அர்த்தம் எதற்கு, ஐயா? அன்னியர் வைத்த பெயர்; மாற்றிவிட வேண்டியதுதான்" என்றார். அவர் கோபத்துக்குக் காரணம் உண்டு. கடலோரத்திலிருந்த பழைய கபாலீசுவரர் ஆலயம் போர்ச்சுகீசியர் காலத்தில் அழிந்ததென்பது மயிலையின் ஆறாத நினைவு. ஆனாலும் தண்டிக்குமுன் பெயரையும் ஒரு வார்த்தை விசாரிக்க வேண்டாமா?

இங்குள்ள மாதா கோயிலின் கல்வெட்டு 1516 என்ற ஆண்டைக் கூறுகிறது. கடலில் திசை தப்பிய போர்ச்சுகீசிய மாலுமிகளுக்கு ஓர் ஒளி வழிகாட்டி, இவ்விடத்தில் வந்து மறைந்ததாம். அவர்கள் மொழியில் 'லூஷ்' என்றால் ஒளி. அதுவே நம் நாவில் லஸ் ஆயிற்று.

அச்சொல்லின் குடும்பம் மிகப் பெரிது. அதன் தாய், லத்தீன் மொழியின் 'லுக்ஸ்'. ஆங்கிலத்தின் 'லைட்', ஜெர்மானியரின் 'லிஷ்ட்' எல்லாம் பங்காளிகள். ஸ்பானிய மொழியில் பிள்ளை பெறுவதை 'ஒளிக்குக் கொடுத்தாள்' என்பார்கள். கிரேக்கத்தில் 'லெவ்கோஸ்' வெண்மை. லித்துவேனியரிடம் 'லௌகஸ்' வயல். லத்தீனிலேயே 'லூகுஸ்' என்றால் புனிதச் சோலை! அடர்ந்த மரங்களின் நடுவே வெளிச்சம் விழும் வெளியே முதலில் அப்பெயர் பெற்றது என்கிறார்கள் மொழிநூலார்.

நம் வீட்டுச் சமையலறையிலும் ஓர் உறவினர் உண்டு. வடமொழியில் 'ருச்' என்னும் தாதுவுக்கு ஒளிர்தல் என்று பொருள். அதிலிருந்து பிறந்த 'ருசி' முதலில் பிரகாசத்தையும், பின்பு விருப்பத்தையும், அதன்பின் சுவையையும் குறித்தது. "ரசத்தில் ருசியில்லை" என்று குறை கூறுபவர் லஸ்ஸின் தங்கையைத்தான் அழைக்கிறார்!

இன்னொரு விந்தை. அக்கோயிலுக்கு மயிலை ஜனங்கள் இட்ட பெயர் 'காட்டுக் கோயில்'. சுற்றிலும் மரங்கள் அடர்ந்திருந்த காலத்துப் பெயர் அது. வந்தவர் ஒளி என்றார். இருந்தவர் காடு என்றார். லத்தீன் 'லூகுஸ்' இரண்டையும் ஒருங்கே அறியும்.

மறுநாள் காலை நண்பரை லஸ் சர்ச் ரோட்டிலுள்ள நாகேசுவர ராவ் பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். இலைகளினூடே இளவெயில் தரையில் கோலமிட்டிருந்தது. சிறிது நேரம் பேசாதிருந்தார்.

"சரி, லஸ் இருந்துவிட்டுப் போகட்டும். ஆனால் காட்டுக் கோயில் என்ற பெயரை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?" என்றார்.

அவர் கேள்விக்கு என்னிடம் பதிலில்லை. அன்னியர் வைத்த பெயர் நிலைத்துவிட்டது. நாம் வைத்த பெயரையல்லவா நாமே மறந்துகொண்டிருக்கிறோம்!