சலுகை இல்லாத தலைமை



சென்ற மாதம் ஒரு வெள்ளிக்கிழமை இரவு, இஷாத் தொழுகைக்குப் பின், நம் மகள் ஒரு வெள்ளைத் தாளுடன் நம்மருகே வந்து அமர்ந்தாள். மகளிர் கல்லூரியொன்றில் இரண்டாம் ஆண்டு பயிலும் அவள், கல்லூரிக் கால்பந்து அணியின் கோல்கீப்பர். அணியின் தலைவி இவ்வாண்டு பட்டப்படிப்பை முடித்து விடைபெறுகிறார். பிரிவு உபசார விழாவில் அவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசும் பொறுப்பு நம் மகளுக்கு வாய்த்திருந்தது.

“உம்மா, நீங்கதானே மதரஸாவுல தலைமைத்துவம் பத்திப் பாடம் நடத்துறீங்க. எழுதித் தாங்களேன்” என்றாள்.

பல ஆண்டுகளாகப் பெண்கள் மதரஸாவில் ஓதிக்கொடுத்து வரும் நமக்கு அது எளிய வேலையாகவே தோன்றியது. ஒவ்வொருவரும் தம் பொறுப்பில் உள்ளோரைக் குறித்து விசாரிக்கப்படுவர் என்னும் கருத்தமைந்த நபிமொழியை நினைவூட்டினோம். தலைமை ஓர் அமானிதம் என்றும், அதன் கடமையை நிறைவேற்றாதவர்க்கு மறுமையில் அது கைசேதமாகும் என்றும் எழுதினோம். ஒரு பக்கம் நிரம்பியது. மகள் அதைப் பொறுமையாகப் படித்துவிட்டு, “எல்லாம் சரிதான் உம்மா. ஆனா இதுல எங்க அக்கா இல்லையே” என்றாள்.

உண்மைதான். அதில் அந்தப் பெண் இல்லை. ஆகவே தாளைத் திருப்பி வைத்து, அவள் சொல்லச் சொல்ல எழுதத் தொடங்கினோம்.

அந்தத் தலைவியை நாம் முதன்முதலாகக் கண்டது நம் வீட்டு வாசலில்தான். மகள் கல்லூரியில் சேர்ந்த புதிதில், அணியில் சேர அனுமதி கேட்டாள். அவளுடைய வாப்பா ஒன்றும் சொல்லவில்லை, நாம்தான் மறுத்தோம். நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதை வகுப்பில் மகிழ்ச்சியுடன் எடுத்துரைக்கும் நாம், சொந்த மகள் ஓட வேண்டும் என்றபோது ஆயிரம் காரணம் தேடினோம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண் வீட்டுக்கே வந்துவிட்டார். கடலோரச் சிற்றூர் ஒன்றின் மீனவக் குடும்பத்திலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிப்பவர். நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். நம்முடன் வாதாட வந்திருக்கிறார் என்றெண்ணி, விடைகளைத் தயாராக வைத்திருந்தோம். அவரோ பையிலிருந்து ஒரு சிறு நோட்டுப் புத்தகத்தை எடுத்து, “அம்மா, உங்களுக்கு எதெல்லாம் சங்கடம்னு சொல்லுங்க. நான் எழுதிக்கிறேன்” என்றார்.

நாம் மூன்றைச் சொன்னோம்: உடை, தொழுகை நேரம், மாலையில் வீடு திரும்புதல். மூன்றையும் எழுதிக்கொண்டு, தேநீர் அருந்திவிட்டுச் சென்றார். பத்து நாட்களில் முழுக்கைச் சட்டையும், கணுக்கால் வரை மூடும் கறுப்பு உள்ளாடையும் உடற்கல்வி ஆசிரியையின் ஒப்புதலுடன் வந்து சேர்ந்தன. மக்ரிபுக்கு முன் மகள் வீடு சேரும் வகையில் பயிற்சி நேரம் முன்தள்ளி வைக்கப்பட்டது. பயிற்சி முடிந்ததும் அவரே பேருந்து நிறுத்தம் வரை உடன் வருவார் என்பதை நாம் பின்னரே அறிந்தோம். அந்த நோட்டில் அணியின் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஒரு பக்கம் உண்டாம். யாருக்கு எப்போது தேர்வு, யாருக்குக் காலணி கிழிந்திருக்கிறது, யார் காலையில் உண்ணாமல் வருகிறார் என்பதெல்லாம் அதில் இருக்குமாம்.

இவ்வளவும் எழுதிய பின் மகள் சற்றே தயங்கினாள். “இன்னொண்ணு இருக்கு உம்மா. உங்ககிட்ட சொன்னதில்லை” என்றாள்.

சென்ற ஆண்டு, அவள் ஆடவேண்டிய முதல் கல்லூரிகளுக்கிடையிலான போட்டி. அன்று காலை அவளுடைய தலைத்துணியை இரண்டு குண்டூசிகளால் நாமே இறுக்கிக் குத்தி அனுப்பினோம். ஆட்டம் தொடங்கும் முன் நடுவர் அந்த ஊசிகளைக் கண்டுவிட்டார். அவற்றுடன் ஆட இயலாது என்றார். அவர் சொன்னது முறையே. ஓடி மோதும் ஆட்டத்தில் ஊசி பிறர் கண்ணைக் குத்தலாம். ஊசியை எடுத்தால் துணி நில்லாது. துணியை எடுக்க நம் மகள் உடன்படவில்லை. அணியில் வேறு கோல்கீப்பரும் இல்லை.

தலைவி நடுவருடன் சச்சரவு செய்யவில்லை. நம் மகளைக் கடிந்துகொள்ளவும் இல்லை. கையுறைகளை வாங்கித் தாமே அணிந்துகொண்டு கோல் கம்பங்களுக்கு நடுவே போய் நின்றார். அணிக்காக வழக்கமாகக் கோல் போடுபவர் அவர்தான். முதற்பாதி முழுவதும் அவர் பின்னே நிற்க, உடற்கல்வி ஆசிரியை நூலும் ஊசியும் வாங்கி வந்து, துணியைத் தலைவழியே மாட்டும்படி தைத்துக் கொடுத்தார். அதற்குள் எதிரணி இரண்டு கோல் போட்டுவிட்டது. இரண்டாம் பாதியில் நம் மகள் கோலில் நின்றாள். தலைவி முன்னே சென்று ஒரு கோல் போட்டார். 2–1 என்ற கணக்கில் தோல்வி.

அன்றிரவு மகள் நம்மிடம், “தோத்துட்டோம் உம்மா” என்று மட்டும் சொன்னது நினைவிருக்கிறது. பேருந்தில் திரும்பி வருகையில் தோழி ஒருத்தி முணுமுணுத்தபோது, “குத்தம் குண்டூசிமேல, அவமேல இல்ல” என்று தலைவி சொன்னாராம். அதன்பின் அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஓராண்டாக இதை நம்மிடமிருந்து ஏன் மறைத்தாய் என்று கேட்டோம். “சொல்லியிருந்தா அடுத்த மேட்சுக்கு அனுப்பியிருக்க மாட்டீங்க” என்றாள். பெற்றோரிடம் மறைப்பது சரியன்று என்று சொல்ல வாய் எடுத்தோம், சொல்ல முடியவில்லை. அவள் சொன்னது உண்மை. தவறிழைத்தவர் அஞ்சாமல் வந்து சொல்லும்படி ஒரு மாணவி நடந்துகொண்டிருக்கிறார். இத்தனை ஆண்டு ஓதிக்கொடுத்த நாம் அவ்வாறு நடந்துகொள்ளவில்லை.

போட்டி முடிந்த வாரமே அந்தத் தலைவி கால்பந்து விதிநூலைத் தேடிப் படித்து, நான்காம் விதியை அச்செடுத்துப் பையில் வைத்துக்கொண்டாராம். தலைத்துணி கறுப்பாகவோ சட்டையின் முதன்மை நிறத்திலோ இருக்கவேண்டும். சட்டையுடன் இணைந்திருக்கக் கூடாது. எவருக்கும் ஆபத்து விளைவிக்கக் கூடாது. அதன் நிபந்தனைகளில் முக்கியமானவை இவை. இந்த இடம் எளிதில் கிடைத்ததன்று. 2011 ஜூன் மாதம் ஜோர்தானின் அம்மான் நகரில் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் ஆட வந்த ஈரான் மகளிர் அணி, தலைத்துணியின் காரணத்தால் ஆட அனுமதிக்கப்படவில்லை. 2012-இல் சோதனை முறையிலும், 2014 மார்ச்சில் நிலையாகவும் அனுமதி கிடைத்தது. 2023-இல் மொராக்கோவின் நுஹைலா பென்ஸினா, மகளிர் உலகக் கோப்பை ஆட்டத்தில் ஹிஜாபுடன் களமிறங்கிய முதல் வீராங்கனையானார்.

அதே விதிநூலின் மூன்றாம் விதியில் அணித் தலைவரைப் பற்றியும் ஒரு குறிப்பு உண்டு. அதை மகள் சொன்னபோது நாம் எழுதுவதை நிறுத்திவிட்டோம். தலைவருக்குத் தனித் தகுதியோ சலுகையோ கிடையாது. அணியின் நடத்தைக்கு ஓரளவு பொறுப்பு மட்டும் உண்டு என்பதே அதன் கருத்து. நாம் நபிமொழிகளின் வாயிலாக ஆண்டுதோறும் விளக்கிவரும் பாடத்தை ஒரு விளையாட்டின் சட்டம் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிவிட்டது. அகழ்ப்போரில் நபி (ஸல்) அவர்கள் தோழர்களுக்குக் கட்டளையிட்டுவிட்டு நிழலில் அமர்ந்திருக்கவில்லை. திருமேனியில் புழுதி படியத் தாமும் மண் சுமந்தார்கள். அந்த நிகழ்வை எத்தனையோ முறை கண்ணீர் மல்க எடுத்துரைத்திருக்கிறோம். நம் அன்றாடத்தில் அதற்கு எங்கே இடம் என்று எண்ணிப் பார்த்ததில்லை.

விழாவுக்கு நாமும் சென்றோம். மகள் தாளைப் பாராமலே பேசினாள். குண்டூசிக் கதையைச் சொன்னபோது அரங்கம் சிரித்தது. தலைவி தலை குனிந்துகொண்டார். முடிந்தபின் அவரிடம் சென்று, “அந்த ஊசிகளைக் குத்தி அனுப்பியது நாம்தான் அம்மா. மன்னித்துக்கொள்” என்றோம். அவர் பதறிப்போய் நம் கைகளைப் பற்றிக்கொண்டார். “ஐயோ, அந்த ரெண்டாவது கோல் என் கைக்குள்ள வந்துதான் நழுவிச்சும்மா. ஊசிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை” என்று சிரித்தார்.

நம் மதரஸாவில் வகுப்புத் தலைவிக்கு ஒரு வழக்கம் இருந்தது. அவள் முதல் வரிசையில் அமர்வாள். கூட்டிப் பெருக்கும் முறையிலிருந்து அவளுக்கு விலக்கு உண்டு. அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவரே நாம்தான். ஷவ்வாலில் புதிய ஆண்டு தொடங்கும்போது அவ்விரண்டையும் நீக்கிவிடுவதென முடிவு செய்துள்ளோம். தலைவிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் மட்டும் கொடுப்போம். வகுப்பிலுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் அதில் ஒரு பக்கம் இருக்கும். பெருக்கும் முறையில் ஆசிரியையின் பெயரும் சேரும், இன்ஷா அல்லாஹ்.

பிறர் பிள்ளையைத் தம் தங்கையாய்ப் பேணிய அந்தப் பெண்ணின் வாழ்வை வல்ல ரஹ்மான் எல்லா நலன்களாலும் நிரப்புவானாக. தவறிழைத்தவர் அஞ்சாமல் நம்மிடம் வந்து சொல்லும் பக்குவத்தை நம் ஒவ்வொருவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.