தியாகராஜ விலாசம்

சென்னை மாநிலக் கல்லூரியில் மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையருக்கு ஒரு சிலை இருக்கிறது. 1903 முதல் 1919 வரை அங்கே தமிழ்ப் பண்டிதராக இருந்தவருக்கு, அவர் காலமாகி ஆறு ஆண்டுகள் கழித்து, 1948இல் வைத்த சிலை அது. சிலப்பதிகாரத்தையும் புறநானூற்றையும் ஏட்டுச் சுவடிகளிலிருந்து மீட்டுத் தந்த புண்ணியவான் என்று அவரை வணங்குகிறவர்கள் அநேகர். நாள்தோறும் மணியடித்ததும் வகுப்புக்குள் நுழைந்து பாடஞ் சொல்லிய உபாத்தியாயராக அவரை நினைக்கிறவர்கள் சொற்பம். ஆசிரியர்களுக்குச் சிலை வைப்பதிலுள்ள சங்கடமே இதுதான் என்று எனக்குத் தோன்றுவதுண்டு: பீடத்தின்மேல் ஏறிய மாத்திரத்தில் அவர் மகானாகிவிடுகிறார், எதிரே உட்கார்ந்து கேட்க மாணாக்கன் இல்லாமற் போகிறான்.

சாமிநாதையரோ, தமக்குச் சிலை எழும்புவதற்கு நெடுங்காலம் முன்பே, வேறோர் ஆசிரியருக்குச் சிற்பியின் துணையின்றி ஞாபகச் சின்னம் அமைத்துவிட்டார். கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார், மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பயின்றவர். அதே பிள்ளையவர்களின் கடைசிக் கால மாணாக்கர் சாமிநாதையர். 1880இல் ஓய்வு பெற்ற செட்டியார், தம் உறவினரையோ வேண்டியவரையோ தேடாமல், திருவாவடுதுறை மடத்திலிருந்த அந்த இருபத்தைந்து வயது இளைஞரை அழைத்துக் கல்லூரி அதிகாரிகளிடம் வாதாடித் தம் ஸ்தானத்தை அவருக்கு வாங்கிக் கொடுத்தார். அந்த உத்தியோகத்தின் நிமித்தம் கும்பகோணத்தில் வசித்ததனாலேயே, முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியாரை அவ்வாண்டே சந்திக்கவும், அவர் சிந்தாமணியைப் பற்றிக் கேட்ட கேள்வியால் சுவடிகளைத் தேடிப் புறப்படவும், 1887இல் அந்நூலைப் பதிப்பிக்கவும் நேர்ந்தது. உபகாரம் செய்த செட்டியாருக்கு அதன் பலன் இவ்வளவு தூரம் போகுமென்று தெரிந்திருக்க நியாயமில்லை.

செட்டியார் மறைந்து பல்லாண்டு கழிந்தபின், சென்னைத் திருவல்லிக்கேணியில் தாம் குடியிருந்த வீட்டுக்குச் சாமிநாதையர் இட்ட பெயர் 'தியாகராஜ விலாசம்'. கடிதம் எழுதுகிற அன்பரும், வண்டிக்காரருக்கு வழி சொல்கிற அயலாரும், செட்டியாரை அறியாமலே அவர் பெயரை உச்சரிக்கும்படி செய்துவிட்ட சாமர்த்தியத்தை என்னவென்பது! அவருடைய பதிப்புகளைப் புரட்டும்போது முகவுரையின் கீழ்க் கையொப்பத்தோடு அந்த வீட்டின் பெயர் அச்சாகியிருப்பதைக் காண்பதில் எனக்கு ஒரு தனி ருசி. வீட்டை 2012இல் இடித்துவிட்டார்கள். பாதுகாத்திருக்கலாம், சிலைக்கு மாலையிடுவதில் நமக்குள்ள உற்சாகத்தில் கால் பங்கேனும் அதற்குப் போதுமாயிருந்திருக்கும்.

முதுமையில் அவர் செட்டியாரின் சரித்திரத்தைத் தனி நூலாகவே எழுதினார். அவரை வெறும் புகழுருவமாக்காமல், அவருடைய கண்டிப்பையும், மனத்திற் பட்டதை ஒளிக்காத பேச்சையும் அதிற் சேர்த்துக் காட்டியிருக்கிறார். வெண்கலத்தில் வார்ப்பவனுக்கு இந்த வேலை வராது. அதற்குப் பக்கத்தில் இருந்து பழகிய மாணாக்கன் வேண்டும்.