தேய்மானக் கணக்கு

யாழ்ப்பாணத்தில் ஓடித் தேய்ந்த எஞ்சினைக் கழற்றினால் இரண்டு விஷயங்கள் கட்டாயம் கண்ணில் படும் என்கிறார் இணுவில் மெக்கானிக் அண்ணை. ஒன்று கிணற்றுத் தண்ணீர். மற்றது மண்ணெண்ணெய்.

முதலாவதை உடனேயே காட்டினார். சிலிண்டர் புளொக்கின் பக்கவாட்டில் இருந்த வட்டத் தகட்டு மூடியை உளியால் நெம்பி எடுத்தார். தண்ணீர் சுற்றி ஓட வேண்டிய இடைவெளியில் துருவும் சுண்ணாம்பும் சேர்ந்து கல்லாய் இறுகிக் கிடந்தன. கம்பியால் குத்தக் குத்தச் செதிலாகக் கழன்று விழுந்தன. குடாநாடு சுண்ணாம்புக் கல்லின்மேல் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கேத்தல்களின் அடியில் வெள்ளையாய்ப் படிவது எதுவோ, அதுவேதான் இங்கும் படிந்திருக்கிறது. றேடியேற்றரிலிருந்து எட்ட இருக்கும் நாலாவது சிலிண்டரைச் சுற்றித்தான் படிவு அதிகம். சூடு போக வழியில்லாவிட்டால் ஹெட் வளையும், கஸ்கெட் எரியும்.

“மழைத் தண்ணி பிடிச்சு ஊத்துங்கோ எண்டு எத்தினை பேருக்குச் சொல்லியிருப்பன். வளவுக்குள்ளை கிணறு இருக்க ஆர் மழையைப் பாத்துக்கொண்டு இருக்கிறது?” என்றார்.

எஞ்சின் ஒரு மொரிஸ் மைனர் 1000 காருடையது. காரின் சொந்தக்காரர் பக்கத்து ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய தகப்பனார் வாங்கிய கார். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மொரிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் வெளிவந்தது. 1956இல் 948 சீசீ எஞ்சின் வந்ததும் பெயரோடு 1000 சேர்ந்துகொண்டது. வலு 37 குதிரை. மாஸ்ரரின் காருக்குச் சிங்கள ஸ்ரீ எழுத்து இலக்கத் தகடு. 1957இல் அந்த எழுத்து நடைமுறைக்கு வந்தபோது, அதன்மேல் தார் பூசித் தமிழர்கள் போராடினார்கள். தகட்டின் கதையை எழுதப் பலர் இருந்தார்கள். எஞ்சினுக்கு என்ன நடந்தது என்று எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. அதைத் தேய்மானத்திலிருந்துதான் வாசிக்க வேண்டும்.

வாசிக்கும் இடம் வீட்டின் பின்வளவில் தகரம் வேய்ந்த ஒரு கொட்டில். எஞ்சினைத் தூக்கும் செயின் புளொக் பனை வளை ஒன்றில் தொங்குகிறது. நிலத்துக்குச் சீமெந்து. சுற்றிவர இணுவில் செம்மண். அந்தப் புழுதி பேரிங்குக்குள் போனால் செய்த வேலை வீண் என்பதால், காலையில் கொட்டிலைச் சுற்றித் தண்ணீர் தெளித்த பிறகுதான் உள்வேலை தொடங்குகிறது. காற்று எழும்பும் பின்நேரங்களில் எஞ்சினைச் சீலையால் மூடிவிட்டு வெளிவேலை பார்க்கிறார்கள்.

கழற்றுவதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. எட்டுப் புஷ் றொட்களும் காட்போட் பெட்டியில் போட்ட எட்டு ஓட்டைகளில் இலக்கத்தோடு நிற்கின்றன. வால்வுகளுக்கும் அதேபோல ஒரு பலகை. கிராங்கைத் தாங்கும் மூன்று மெயின் பேரிங் மூடிகளும் தொழிற்சாலையில் புளொக்கோடு சேர்த்துத் துளை கடையப்பட்டவை; ஒன்றின் இடத்தில் மற்றதைப் பூட்டினாலோ, திருப்பிப் பூட்டினாலோ கிராங் இறுகிக்கொள்ளும். உதவிக்கு நிற்கும் பெடியன் ஒரு மூடியைக் கழற்றி, அதைத் துடைக்கத் துணியை எடுத்தான்.

“துடைக்காதை. முதல்லை எனக்குக் காட்டு.”

மூடிக்குள் இருந்த பேரிங் ஷெல்லில் ஒட்டியிருந்த கறுப்பு எண்ணெயைப் பெருவிரலில் தேய்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மினுக்கம் தெரிந்தது. பிறகு அவரே துடைத்தார். ஷெல்லின் சாம்பல் நிற மேற்பூச்சு நடுப்பகுதியில் போய்விட்டது. கீழே செப்பு நிறம். இந்த எஞ்சின் நீண்ட காலம் நீர்த்துப்போன எண்ணெயில் ஓடியிருக்கிறது என்று அவர் அங்கேயே சொல்லிவிட்டார்.

நீர்த்த காரணம்தான் அவர் சொன்ன இரண்டாவது விஷயம். 1990இல் போர் மறுபடி தொடங்கியதும் வடக்குக்குப் பொருளாதாரத் தடை வந்தது. தடைப் பட்டியலில் பெற்றோலும் பற்றரியும் இருந்தன. கிடைத்த கொஞ்சப் பெற்றோல் போத்தல் கணக்கில் விலை பேசப்பட்டது. ஆகவே காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். மோட்டார் சைக்கிளும் அப்படித்தான் ஓடியது, காரும் அப்படித்தான் ஓடியது. மட்டமான பெற்றோலுக்கு என்று அழுத்தம் குறைத்துச் செய்த 7.2க்கு 1 விகித எஞ்சின்களும் மொரிஸில் இருந்தன; அவை இந்த எரிபொருளை ஓரளவு பொறுத்துக்கொண்டன.

பொறுத்துக்கொண்டதற்கு விலை உண்டு. மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல இலகுவில் ஆவியாகாது. எரியாமல் மிஞ்சியது சிலிண்டர்ச் சுவரில் இருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு, றிங்கைத் தாண்டிக் கீழே எண்ணெய் தங்கும் சம்பில் இறங்கும். சம்பில் எண்ணெயின் மட்டம் ஏறும், அதன் தடிப்பு குறையும். பேரிங்குக்கும் கிராங்குக்கும் நடுவில் நிற்க வேண்டிய படலம் நிற்காது. “மட்டம் ஏறினால் சனம் சந்தோசப்பட்டது, எண்ணெய் குறையேல்லை எண்டு. அது தான் ஆபத்து. நாங்கள் அடிக்கடி வடிச்சு மாத்தச் சொல்லுவம். மாத்த எண்ணெய்க்கு எங்கை போறது?”

அடுத்து அளவெடுப்பு. இங்கே எல்லாம் அங்குலம்தான். ஓர் அங்குலத்தை ஆயிரமாகப் பிரித்து, அதில் பத்து, இருபது என்று பேசுகிறார்கள். அதில் ஒன்று என்பது மில்லிமீற்றரின் நாற்பதில் ஒரு பங்கு. புது எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 62.9 மில்லிமீற்றர். இதன் பிஸ்ரன் தலையில் 020 என்று பொறித்திருந்தது. முன்பு ஒருமுறை சிலிண்டரை இருபது பெருப்பித்துப் போர் அடித்திருக்கிறார்கள். அண்ணை ஒவ்வொரு சிலிண்டரிலும் மேல், நடு, கீழ் என மூன்று இடத்தில், நீளவாட்டிலும் குறுக்குவாட்டிலும் அளந்தார். அவர் சொல்லச் சொல்லப் பெடியன் சுண்ணக்கட்டியால் தகரச் சுவரில் எழுதினான். உச்சிக்குச் சற்றுக் கீழேதான் தேய்மானம் கூட. எரியும் வாயுவின் அழுத்தம் றிங்கைச் சுவரோடு நெருக்குவதும் அங்கே, எண்ணெய் போதாமல் இருப்பதும் அங்கே.

கூடிய தேய்மானம் எட்டு. இருபதிலிருந்து முப்பதுக்குப் போனால் பத்துக் கிடைக்கிறதே, போதாதா என்று கேட்டேன்.

“காணாது தம்பி. எட்டும் ரெண்டு பக்கமும் நாலு நாலாத் தேயேல்லை. பிஸ்ரன் சாயுற ஒரு பக்கம் தான் தேஞ்சிருக்கு. நடு விலகாமல் அறுக்க வேணுமெண்டால் மற்றப் பக்கத்திலையும் எட்டு எடுக்க வேணும். பதினாறு ஆச்சோ? அப்ப நாப்பது தான்.”

நாற்பதுக்கு மேல் இந்த எஞ்சினுக்குப் பிஸ்ரன் தேடுவது கடினம். அடுத்த முறை புளொக்குக்கு லைனர் இறக்க வேண்டும். இருக்கும் இரும்பில் கடைசிப் பங்கை இப்போது செலவழிக்கிறோம் என்பதை மாஸ்ரரைக் கூப்பிட்டுச் சொல்லி, சம்மதம் கேட்ட பிறகே முடிவு செய்தார். கிராங்கில் பிக் எண்ட் பகுதிகள் வட்டம் கெட்டிருந்தன. அதற்குப் பத்துக் கிரைண்டிங், அதற்கேற்ற தடித்த ஷெல். கேம் ஷாஃப்ட், டப்பெட், ஒயில் பம்ப் மூன்றையும் அதே கவனத்தோடு அளந்து, கழுவி, “இது இருக்கட்டும்” என்று ஒதுக்கி வைத்தார். மாற்ற வேண்டியவற்றைவிட இந்த வரிசை நீளமாக இருந்தது.

சாமான் கிடைப்பது இன்று பெரிய பாடு இல்லை. 1951இல் ஒஸ்ரின் ஏ30 காரில் தொடங்கிய இந்த எஞ்சின் வம்சம், மினி காரில் 2000ஆம் ஆண்டுவரை தொடர்ந்தது. அதனால் இங்கிலாந்தில் உதிரிப்பாகங்கள் இன்னும் விற்பனைக்கு இருக்கின்றன. மொரிஸ் மைனர் பாகங்கள் இலங்கையிலேயே செய்யப்பட்டதும் உண்டு: பாத் நகரில் மொரிஸ் மைனர் நிலையம் நடத்திய சார்ல்ஸ் வெயர், 1990களில் இங்கு கூட்டுத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். வடக்கில் ஒரு கஸ்கெட்டுக்குத் தவித்த அதே காலம் அது. அன்று அண்ணை காட்போட்டை எஞ்சின் முகப்பின்மேல் வைத்து, சுத்தியலால் ஓரத்தைத் தட்டித் தட்டிக் கஸ்கெட் வெட்டினாராம். மாஸ்ரருக்குப் பிஸ்ரனும் றிங்கும் லண்டனில் இருக்கும் மருமகனின் பயணப் பெட்டியில் வந்தன. டைமிங் செயின் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கிடைத்தது.

போர் அடிக்கும் இயந்திரம் அண்ணையிடம் இல்லை. யாழ்ப்பாண நகரத்து லேத் பட்டறை ஒன்றுக்குப் புளொக் போனது. அங்கே முதலில் கேட்டது பிஸ்ரனை. பெட்டியில் நாற்பது என்று போட்டிருந்தாலும், நாலு பிஸ்ரனையும் தனித்தனியே மைக்ரோமீற்றரில் அளந்து, இன்ன பிஸ்ரன் இன்ன சிலிண்டருக்கு என்று குறித்த பிறகே கத்தியை இறக்கினார் பட்டறைக்காரர். கடைசி அளவுக்குக் கொஞ்சம் விட்டு அறுத்து, மீதியை ஹோனிங் கல்லால் எடுத்தார். அந்தக் கல் சுவரில் குறுக்கும் மறுக்குமாகக் கீறல் விடுகிறது. எண்ணெய் தங்கவும் புது றிங் இணங்கவும் அந்தக் கீறல் வேண்டும். கண்ணாடிபோலப் பளபளத்தால் வேலை பிழை.

ஹெட்டுக்கு வேறொரு பிரச்சினை. ஈயம் கலந்த பெற்றோல் எரிந்தபோது வால்வு உட்காரும் இடத்தில் ஒரு படிவு தங்கி, அந்த வார்ப்பிரும்பைக் காத்தது. இலங்கையில் 2002இல் ஈயப் பெற்றோல் நிறுத்தப்பட்ட பிறகு அந்தக் காப்பு இல்லை. எக்சோஸ்ட் வால்வு இருக்கையைத் தின்றுகொண்டு உள்ளே இறங்குகிறது. எனவே நாலு எக்சோஸ்ட் இருக்கைகளுக்கும் கடினமான உருக்கு வளையம் பதித்தார்கள். பிறகு கொட்டிலில் வால்வு அரைப்பு. உறிஞ்சுகுமிழ் பொருத்திய தடியை இரு உள்ளங்கைக்கும் நடுவே உருட்டி, முதலில் கரடு பசை, பிறகு மென்பசை. இருக்கையைச் சுற்றி அறுபடாத சாம்பல் வளையம் ஒன்று தெரியும்வரை பெடியன் உருட்டினான். வழிக்குள் மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள். ஒரு துளியும் ஒழுகவில்லை.

பூட்டும்போது அவசரம் இல்லை. ஒவ்வொரு றிங்கையும் சிலிண்டருக்குள் விட்டு, தலைகீழாகப் பிடித்த பிஸ்ரனால் நேராகத் தள்ளி, வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று ஃபீலர் தகட்டால் பார்த்தார். மெயின் மூடிகளுக்கு 60 அடி-இறாத்தல் இறுக்கம், பிக் எண்ட்டுக்கு 35, ஹெட்டின் ஒன்பது நட்டுகளுக்கும் 40. ஹெட்டை நடுவிலிருந்து வெளியே, படிப்படியாக இறுக்க வேண்டும். ஒரு மூடி இறுக்கும் ஒவ்வொரு தடவையும் கிராங்கைக் கையால் சுற்றிப் பார்த்தார். எங்கே பிடிக்கிறது என்பதை அப்போதே கண்டால் ஒரு மூடியை மட்டும் கழற்றினால் போதும்.

வால்வு இடைவெளி பன்னிரண்டு. அதற்குப் பெடியனுக்கு ஒன்பதுக் கணக்கு சொல்லிக்கொடுத்திருக்கிறார்: எட்டாவது வால்வு முழுக்கத் திறந்து நிற்கும்போது முதலாவதைச் சரிசெய், ஆறாவது திறந்திருந்தால் மூன்றாவது, எப்போதும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும்.

எஞ்சினைக் காரில் இறக்கியபின் உடனே கிளப்பவில்லை. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, எண்ணெய் அழுத்தம் காட்டும் தன் மானியைப் பொருத்தி, வெறுமனே சுற்றவிட்டார். முள் எழும்பிய பிறகுதான் பிளக் பூட்டப்பட்டது. ஓரிரு இருமலுக்குப் பிறகு எஞ்சின் பிடித்தது. சூடேறி ஓடும்போது முள் 60இல் நின்றது. முதல் 500 மைலுக்கு மணிக்கு 45 மைலைத் தாண்டக் கூடாது, அதன்பின் ஹெட்டையும் வால்வையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று மாஸ்ரருக்குச் சொன்னார். இன்னொன்றும் சொன்னார்: இந்த எஞ்சினுக்குப் பின்பக்க ஒயில் சீல் கிடையாது, கிராங்கில் வெட்டிய புரிதான் எண்ணெயைத் திருப்பி அனுப்புகிறது, நிறுத்துமிடத்தில் பொட்டு விழும், பயப்பட வேண்டாம்.

பிறகு கணக்குத் துண்டு வந்தது. பிஸ்ரன், ஷெல், செயின், லேத் கூலி, பூட்டுக்கூலி. அளந்த நேரத்துக்கும் யோசித்த நேரத்துக்கும் அதில் ஒரு வரியும் இல்லை. ஏன் என்று கேட்டேன். “புதுச் சாமான் எண்டால் காசு குடுப்பினம். பழசு நல்லாயிருக்கு எண்டு சொன்னதுக்கு ஆர் குடுக்கிறது?”

இந்தத் தொழிலின் சிக்கல் அந்த ஒரு பதிலில் இருக்கிறது. மாஸ்ரரின் பணத்தை மிச்சம்பிடித்தது கேம் ஷாஃப்டையும் பம்பையும் விட்டுவைத்த தீர்ப்பு. அந்தத் தீர்ப்புக்குக் கூலி இல்லை. கூலி இல்லாத திறமையைப் பழகப் பெடியன் எத்தனை வருடம் நிற்பான்? அளக்காமல் எல்லாவற்றையும் மாற்றுவது மெக்கானிக்குக்கு இலகு, வருமானமும் கூட.

பழைய கார் வைத்திருப்பவர்கள் மூன்று காரியம் செய்யலாம். எஞ்சின் கழற்றினால், எடுத்த அளவுகள் அனைத்தையும் ஒரு கொப்பியில் எழுதித் தரும்படி கேளுங்கள். அடுத்துத் திறப்பவருக்கு அது வேண்டும், சுண்ணக்கட்டி எழுத்து அதுவரை நில்லாது. அளந்ததற்கென்று கணக்கில் ஒரு வரி போடச் சொல்லி, அதற்குரிய காசைப் பேரம் பேசாமல் கொடுங்கள். றேடியேற்றருக்கு மழைத் தண்ணீர் ஊற்றுங்கள். அதற்குக் காசு வேண்டாம்.