தென்கரை என்றொரு பெயர்ப்பலகை

கூலாயிலிருந்து வரும் சடக்கின் இருபுறமும் செம்பனைதான். பழக்குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் ஊர்ந்ததால், பண்டார் தெங்காரா பலகையை நிதானமாகப் படிக்க முடிந்தது. 'பண்டார்' பாரசீகத்தில் துறைமுகம். மலாயில் தென்கிழக்கைக் குறிக்கும் 'தெங்காரா', நம் 'தென்கரை'யிலிருந்து வந்தது என்கிறார்கள் சொல்லாய்வாளர்கள். இங்கே துறையும் இல்லை, கரையும் இல்லை. 1972-இல் உருவான கெஜோரா எனும் தென்கிழக்கு ஜோகூர் மேம்பாட்டு வாரியம் வளர்த்த உள்நாட்டு நகரம் இது. சொல் நம்முடையது என்று ஒரு கணம் பூரித்தேன். பிறகு பையிலிருந்த புத்தகம் உறுத்தியது.

அது பிரஷ்யர்களைப் பற்றியது. பிரஷ்யா என்றதும் கூர்முனைத் தொப்பி போட்ட ஜெர்மன் சிப்பாய்தானே நினைவுக்கு வருகிறான்? அசல் பிரஷ்யர்கள் ஜெர்மானியரே அல்லர். விஸ்துலா, நேமன் ஆறுகளுக்கு நடுவே பால்டிக் கரையோரம் இருந்தவர்கள், பேச்சு லித்துவேனிய மொழிக்கு உறவு, வழிபாடு காவுகளில், எல்லோருக்கும் பொதுவாக ஓர் அரசன் கிடையாது, குலங்கள்தான். 13-ஆம் நூற்றாண்டில் டியூட்டானிக் வீரத்துறவிகள் சிலுவைப் போர் என்று இறங்கினார்கள். மதம் மாறியவர்களுக்குச் சொத்துரிமை உண்டு என்று 1249-இல் கிறிஸ்ட்பர்க்கில் ஒப்பந்தமும் எழுதினார்கள். 1260-இல் வெடித்த பெருங்கிளர்ச்சி தோற்றதும் பெரும்பாலோருக்கு அந்த உரிமை போயிற்று. ஜெர்மன் குடியேறிகள் வந்தார்கள், ஊர் கட்டினார்கள், போகப் போகப் பிரஷ்யர் என்ற பெயரையும் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். 1701-இல் கோனிக்ஸ்பர்க்கில் பிரஷ்ய மன்னனாக முடிசூடியவன் ஒரு ஜெர்மானியன். பத்தாண்டு கழிவதற்குள் வந்த கொள்ளைநோயோடு அசல் பிரஷ்ய மொழியும் அடங்கிவிட்டது. மிஞ்சியவை எல்பிங்கில் கிடைத்த 802 சொற்களின் பட்டியல், மூன்று மறைக்கல்வி நூல்கள், இன்னும் சில துணுக்குகள்.

சாப்பாட்டுக்கடையில் தே தாரேக் ஆற்றிக்கொண்டிருந்தவரிடம், "அண்ணே, லிங்கியு அணை எந்தப் பக்கம்?" என்றேன்.

"ஆத்தோட மேல போவணும் தம்பி. அணைக்கட்டுக்குள்ள விட மாட்டாங்க."

அணைவரை போகவில்லை. சாயோங் ஆற்றங்கரையில் நின்றேன். கலங்கல் தண்ணீர், ஓசையே இல்லை. இதுவும் லிங்கியுவும் சேர்ந்துதான் ஜோகூர் ஆறு. லிங்கியு காட்டில் பாட்டன் பூட்டன் காலந்தொட்டு வாழ்ந்தவர்கள் ஜக்கூன் எனும் பூர்வகுடிகள். சிங்கப்பூருடன் 1990-இல் போட்ட ஒப்பந்தத்தின்படி அணை எழுந்தது, காடு கைவிட்டுப் போனது. பிரஷ்யரோடு இவர்களை அப்படியே நிறுத்துவது மிகை. இங்கே போர் இல்லை, ஜக்கூன்கள் இன்றும் ஜோகூரில் இருக்கிறார்கள். ஆனால் தமிழ்ச் சொல்கூட இடம்பிடித்த பலகையில் அவர்களுக்கு ஓர் எழுத்தும் இல்லை.

52 ஜக்கூன்கள் மாநில அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். அந்தக் காட்டை நம்பிப் பிழைக்கும் உரிமை பறிபோனதற்கு ஈடாக, ஜோகூர் பாரு உயர் நீதிமன்றம் 2 கோடியே 65 லட்சம் வெள்ளி கொடுக்கச் சொன்னது. பூர்வகுடியின் மரபுவழி நில உரிமையை மலேசிய நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட முதல் வழக்கு அது. மேல்முறையீட்டு நீதிமன்றமும் 1998-இல் அதை உறுதி செய்தது. லிங்கியு தண்ணீர் ஜோகூர் ஆற்றில் இறங்கி, சிங்கப்பூர்க் குழாய்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறது.